படுக்கும்போது 98, எழும்போது 112

கேள்வி, 3 ஜூன்

"இரவு 9 மணிக்குச் சாப்பிட்டேன். 11 மணிக்குப் படுக்கும்போது சர்க்கரை மீட்டரில் 98. காலை 6.30க்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் 112. நடுவில் தண்ணீர் தவிர எதுவும் இல்லை. சாப்பிடாமலேயே 14 எப்படி ஏறும்? மீட்டர் பொய் சொல்கிறதா, என் உடம்பு பொய் சொல்கிறதா?"

3 ஜூன், இரவு 10.40

இரண்டும் பொய் சொல்லவில்லை. கல்லீரல் போட்ட சர்க்கரை அது.

ஒரு சின்னக் கணக்கு. 100 என்று மீட்டர் காட்டினால் ஒரு லிட்டர் ரத்தத்தில் ஒரு கிராம் குளுக்கோஸ். உடம்பில் ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். ஆக மொத்த ரத்தத்திலும் ஓடுகிற சர்க்கரை 5 கிராம், ஒரு தேக்கரண்டி. மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைத் தின்கிறது, அதாவது மணிக்கு 5 கிராம். நீங்கள் ஏழரை மணி நேரம் தூங்கியிருக்கிறீர்கள். யாரும் ஊற்றிக்கொண்டே இருக்காவிட்டால் முதல் ஒரு மணி நேரத்திலேயே தேக்கரண்டி காலி. அந்த "யாரும்"தான் கல்லீரல். தன்னிடம் உள்ள கிளைகோஜன் இருப்பை (சேமித்து வைத்த சர்க்கரை, நன்றாகச் சாப்பிட்டவருக்கு 100 கிராம் வரை இருக்கும்) உடைத்தும், லாக்டேட், கிளிசரால், அமினோ அமிலம் போன்றவற்றிலிருந்து புதிதாகச் செய்தும், இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கிறது.

விடியும் நேரத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். இரவில் சுரந்த வளர்ச்சி ஹார்மோனின் வேலையும் அப்போதுதான் தெரியும். இரண்டும் கல்லீரலிடம் "இன்னும் கொஞ்சம் விடு" என்று சொல்பவை. இன்சுலின் சரியாக எதிர்த்து நின்றால் வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்சம் தளர்ந்திருந்தால் காலையில் எண் ஏறித் தெரியும். நீங்கள் பயந்துபோன அந்த 14 என்பது மொத்த ரத்தத்துக்கும் 0.7 கிராம்தான். ஒரு சிட்டிகை.

4 ஜூன், காலை 7.15

தூங்கி எழுந்ததும் தோன்றியது, முதலில் சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். வீட்டு மீட்டருக்குச் சர்வதேசத் தர விதியே 15 சதவீதம் வரை தள்ளாட்டத்தை அனுமதிக்கிறது (100க்குக் கீழே என்றால் 15 புள்ளி). 98ம் 112ம் ஒரே ரத்தத்தின் இரண்டு அளவாகக்கூட இருக்கலாம். கல்லீரலைப் பற்றி நேற்று அத்தனை வரி எழுதியது வீண் இல்லை, ஆனால் ஒரே ஒரு ஜோடி எண்ணை வைத்து அதன் மேல் பழி போட்டது அவசரம். நான்கைந்து நாள் எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு திருத்தம். குளுக்கோஸ் ரத்தத்தில் மட்டும் இல்லை, செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் கரைந்திருக்கிறது. அதையும் சேர்த்தால் 5 கிராம் என்பது இரண்டு மூன்று மடங்காகும். அப்படியும் மூளைக்கு இரண்டு மூன்று மணி நேரத் தீனிக்கு மேல் தாங்காது.

4 ஜூன், இரவு 9.50

என் சொந்தக் கூத்தைச் சொல்கிறேன். அம்மாவுக்காக வாங்கிய மீட்டர் வீட்டில் இருந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை, ஆர்வக் கோளாறுதான் வியாதி. ஒருமுறை இரவு 8 மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு 36 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்து இருந்து பார்த்தேன். (சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் இதைச் செய்து பார்க்கக் கூடாது, மயங்கி விழுவீர்கள்.) நோட்டில் எழுதி வைத்தது அப்படியே:

காலை 7 மணி 91. மதியம் 1 மணி 86. மாலை 6 மணி 79. இரவு 7.30 மணி 97. மறுநாள் காலை 8 மணி 74.

அந்த 97ஐப் பாருங்கள். 23 மணி நேரம் ஒன்றும் உள்ளே போகவில்லை, எண் 18 ஏறியிருக்கிறது. என்ன செய்தேன் என்றால், மின்தூக்கி நின்றுவிட்டதால் நாலு மாடி ஏறினேன், சாவியைக் கீழேயே விட்டுவிட்டு வந்ததால் இறங்கி மறுபடி ஏறினேன். மூச்சு வாங்க உட்கார்ந்து குத்திப் பார்த்தால் 97. ஏறியதும் அட்ரினலின் போய்க் கல்லீரலைத் தட்டியிருக்கிறது, அதுவும் தசையும் சேர்ந்து இருப்பை அவிழ்த்துவிட்டன. தீனி கேட்பதற்கு முன்னாலேயே பந்தி போட்டாகிவிட்டது, தேவைக்கு மேலேயே போட்டாகிவிட்டது.

நோட்டில் 143 என்று ஒரு எண்ணும் இருந்தது, அடித்துவிட்டேன். அம்மாவுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்த கையைக் கழுவாமல் குத்தியது. இரண்டு நிமிடம் உண்மையிலேயே வியர்த்துவிட்டது. கையைக் கழுவித் துடைத்து எடுத்தால் 84. சர்க்கரை ரத்தத்தில் இல்லை, விரல் நுனியில் இருந்தது.

5 ஜூன், மதியம் 1.20

நேற்று "தசையும் சேர்ந்து அவிழ்த்துவிட்டன" என்று எழுதியிருந்தேன், ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். தப்பு. தசையில் கல்லீரலை விட நாலு மடங்கு கிளைகோஜன் இருக்கலாம், 400 கிராம் வரை, ஆனால் அதில் ஒரு குளுக்கோஸைக்கூட ரத்தத்துக்குத் தராது. கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது, தர வழியே இல்லை. உடைத்து எடுத்த குளுக்கோஸில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கழற்றும் நொதி (குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ்) கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது, தசையில் இல்லை. பாஸ்பேட் ஒட்டியது செல் சவ்வைத் தாண்டாது.

ஆனால் வேறு வழியில் தருகிறது. மூச்சு முட்ட ஓடும் தசை குளுக்கோஸைப் பாதியில் நிறுத்தி லாக்டேட்டாக வெளியே விடும், கல்லீரல் அதை எடுத்து மறுபடி குளுக்கோஸாக்கி அனுப்பும். கோரி சுழற்சி, கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் கண்டது, 1947ல் நோபல் பரிசு வாங்கிய தம்பதி. இதில் தசைக்குக் கிடைப்பது 2 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு), கல்லீரலுக்குச் செலவு 6. சுத்த நஷ்டக் கணக்கு. ஆனால் ஓடுகிற தசைக்கு அந்த நேரத்தில் அவசரம், கல்லீரலுக்கு அவகாசம் இருக்கிறது. அவசரக்காரனின் கடனை அவகாசக்காரன் கட்டுகிறான்.

5 ஜூன், இரவு 11.30

"ஹார்மோன் சொன்னால் செல் செய்கிறது, அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இல்லை. நான் இத்தனை நாளாகச் சொல்ல நினைப்பதே இதுதான். மேலிருந்து வரும் உத்தரவு ஒரு பக்கம். செல்லுக்குத் தன் பசியைத் தானே அளக்கத் தெரியும் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் எனக்கு அதிசயம்.

செல்லின் செலவுப் பணம் ஏடிபி. உடம்பு முழுக்க எந்த நேரத்திலும் 50 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் நாள் முழுக்கச் செலவாவதோ ஏறக்குறைய ஆள் எடை அளவு என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். நானே போட்டுப் பார்த்தேன்: ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி, அதில் 40 சதவீதம் ஏடிபியாகப் பிடிபடுகிறது என்று வைத்துக்கொண்டால் 34 கிலோ வருகிறது. நகர்ந்து வேலை செய்பவருக்கு இன்னும் கூடும். 50 கிராம் காசு ஒரு நாளில் பல நூறு தடவை கை மாறுகிறது. வேகமாக ஓடும் தசையில் ஏடிபி இருப்பு இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும், அதற்குள் நிரப்பியாக வேண்டும்.

அப்படியானால் குறைகிறது என்பதை செல் எப்படி உணர்கிறது? ஏடிபியை எண்ணிப் பார்த்து அல்ல. எரிந்த விறகை எண்ணாமல் சாம்பலைப் பார்க்கிற மாதிரி. ஏடிபி செலவானால் ஏடிபி ஏடிபியாக இருக்காது... ஐயோ, தமிழில் எழுதினால் ATP, ADP இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. மூன்று பாஸ்பேட் உள்ளதை மும்மை, இரண்டு உள்ளதை இரட்டை, ஒன்று உள்ளதை ஒற்றை என்று வைத்துக்கொள்வோம். மும்மை செலவாகி இரட்டையாகிறது. இரட்டை குவிந்தால் ஒரு நொதி இரண்டு இரட்டைகளைச் சேர்த்து ஒரு மும்மையும் ஒரு ஒற்றையும் ஆக்கிவிடும். கஷ்டகாலத்தில் கிழிந்த இரண்டு நோட்டை ஒட்டி ஒரு நல்ல நோட்டு தேற்றுவது போல. அப்போது மிச்சமாகும் ஒற்றைதான் சாம்பல்.

ஓய்வாக இருக்கும் செல்லில் மும்மை 100, இரட்டை 10, ஒற்றை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மை விகிதமும் இதற்குப் பக்கத்தில்தான். மும்மை 100லிருந்து 90 ஆனால்? அந்த நொதியின் சமநிலைக் கணக்கைப் போட்டால் இரட்டை 17க்கும் 18க்கும் நடுவே வரும், ஒற்றை 3.4 ஆகும். மும்மை 80 ஆனால் ஒற்றை 7. அதாவது பணத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்ததற்கே சாம்பல் மூன்றரை மடங்கு. இதைவிடக் கூர்மையான எச்சரிக்கை மணியை யாராவது கணக்குப் போட்டு வடிவமைத்தாலும் வைத்திருக்க முடியாது. ஒற்றை ஏறியதும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. சேமிக்கும் வேலையை நிறுத்து (கொழுப்பு கட்டாதே, கொலஸ்ட்ரால் செய்யாதே), எரிக்கும் வேலையைத் திற. கொழுப்பு அமிலம் செல்லின் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வாசலில் மலோனைல் கோஏ என்ற காவல்காரன் நிற்பான், அவனை உண்டாக்கும் நொதியையே ஏஎம்பிகே முடக்கிவிடும். காவல்காரன் குறைந்தால் வாசல் திறக்கும்.

6 ஜூன், காலை 6.50

இதில் ஒரு அவமானம் உண்டு. கல்லூரி வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள்: பாஸ்போஃப்ரக்டோகைனேஸ், குளுக்கோஸ் உடையும் பாதையின் முக்கிய வாயில், அதற்கு ஏடிபி கூடினால் வேகம் கூடுமா குறையுமா? அந்த நொதி வேலை செய்யவே ஏடிபி வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதனால் கம்பீரமாக "கூடும் சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தப்பு. அதே ஏடிபி நொதியின் வேறொரு இடத்தில் உட்கார்ந்து அதைப் பிடித்து நிறுத்தும். தின்னும் பொருளே "போதும்" என்றும் சொல்கிறது. ஒற்றை வந்து அந்தப் பிடியைத் தளர்த்தும். அன்று புரியவில்லை. மாடி ஏறி மூச்சு வாங்கிய அன்றுதான் உடம்பு வழியாகப் புரிந்தது.

8 ஜூன், இரவு 10.05

பேச்சு திசை மாறிவிட்டது, எடை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி.

கொழுப்பு குறையும்போது எங்கே போகிறது? வியர்வையில் என்று நானும் வெகுநாள் நம்பினேன், மலத்தில் என்று இன்னொருவர், "சூடாகப் போகிறது" என்று மூன்றாமவர். 2014ல் ஒரு மருத்துவ இதழில் இரண்டு ஆஸ்திரேலியர்கள் இதைக் கணக்காகவே போட்டார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூக்கு வழியே வெளியேறும், 1.6 கிலோ நீராகும். மெலிந்தவர் தன் தொப்பையை ஊதித் தள்ளியிருக்கிறார் என்பதுதான் உண்மை. உடனே "அப்படியானால் வேகமாக மூச்சு விடலாமா" என்று கேட்காதீர்கள். எரியாததை ஊத முடியாது, தலைதான் சுற்றும்.

"என் மெட்டபாலிசம் ஸ்லோ" என்று சொல்பவருக்கு: நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். நாற்பது தாண்டியதும் பேண்ட் இறுகியதற்கு வயதைக் காரணம் காட்டினேன். 2021ல் வந்த பெரிய ஆய்வு, பிறந்து எட்டே நாளான குழந்தையிலிருந்து 95 வயது வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20லிருந்து 60 வயது வரை ஆற்றல் செலவு நேர்கோடாக இருக்கிறது, 60க்கு மேல்தான் இறங்குகிறது. நாற்பது வயதுச் சாக்கு போச்சு.

அதையும் நம்பாமல் மூச்சை அளந்து செலவைக் கணக்கிடும் சோதனைக்குப் போனேன். முகத்தில் முகமூடி, அரைமணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 1180 கிலோகலோரி என்று வந்தது. என் உயரத்துக்கும் எடைக்கும் மிகக் குறைவு. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன், பார் நான் சொன்னேனே என்று. மறுவாரம் அவர்களே கூப்பிட்டார்கள், முகமூடியில் கசிவு இருந்திருக்கிறது, மறுபடி வாருங்கள் என்று. இரண்டாம் முறை 1610. எந்த விசேஷமும் இல்லாத, என் அளவு ஆளுக்கு எதிர்பார்க்கிற எண். திரும்பி வரும் வழியில் யாரிடமும் பேசவில்லை.

9 ஜூன், மதியம் 2.30

நேற்று எழுதியது ஒருபக்கமாகப் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது. வயதால் குறைவதில்லை, ஆனால் பட்டினியால் குறையும். இரண்டையும் குழப்பக் கூடாது. 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப் பட்டினி போட்டார். கால்வாசி எடை போனது, ஓய்வுச் செலவு 40 சதவீதம் அளவுக்கு விழுந்தது. உடம்பு சிறுத்ததால் குறைந்தது ஒரு பகுதி, மீதி உடம்பே கையை இறுக்கிக்கொண்டதால். எந்நேரமும் அவர்களுக்குக் குளிர்ந்தது, கனவிலும் சாப்பாடு. தைராய்டு ஹார்மோன் இறங்குவது, கொழுப்பு குறைந்ததும் லெப்டின் (கொழுப்புச் செல் சுரக்கும் ஹார்மோன்) இறங்கி மூளைக்குப் "பஞ்சம்" என்று சொல்வது எல்லாம் இதில் சேரும். லெப்டினை 1994ல்தான் கண்டுபிடித்தார்கள், அதுவரை கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் மூட்டை என்றுதான் நினைத்தார்கள்.

ஒருவேளைச் சாப்பாட்டை விட்டால் மெட்டபாலிசம் அணைந்துவிடும் என்பது வேறு கதை, அது பொய். 24 வாரமும் ஒரு நாளும் ஒன்றல்ல.

9 ஜூன், இரவு 11.15

கொழுப்பை "உருக்கும்" மாத்திரை என்று ஒரு பெயரை ஒருவர் போட்டிருந்தார். பெயரை நான் திரும்ப எழுதப்போவதில்லை. ஆனால் இந்த வகையில் ஒரு பழைய கதை இருக்கிறது, கேளுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா எப்படி ஏடிபி செய்கிறது? உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களை ஆக்ஸிஜனிடம் கொண்டு சேர்க்கும் வழியில் புரோட்டான்களை ஒரு சவ்வுக்கு வெளியே இறைத்து வைக்கும். அணைக்கட்டில் தண்ணீர் தேக்குவது போல. அவை திரும்பி உள்ளே விழும்போது ஒரு மூலக்கூறுச் சக்கரத்தைச் சுழற்றும், ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. 1961ல் பீட்டர் மிட்செல் என்ற விஞ்ஞானி இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. அவர் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் சீர்செய்து, அங்கேயே ஆய்வகம் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார், 1978ல் நோபல் பரிசு. அந்தச் சக்கரம் சுழல்வதை 1997ல் ஜப்பானியர்கள் ஆக்டின் என்ற ஒரு புரத இழையை வாலாகக் கட்டி நுண்ணோக்கியில் நேரில் காட்டினார்கள். வால் சுற்றுகிறது, அவ்வளவுதான் படத்தில். நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இந்த அணையில் ஓட்டை போட்டால்? புரோட்டான் சக்கரத்தைச் சுற்றாமல் ஓட்டை வழியே விழும், ஏடிபி வராது, வெறும் வெப்பம் வரும். பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பு இதைத் தெரிந்தே செய்கிறது, குளிருக்கு. டைநைட்ரோஃபீனால் என்ற பொருள் எல்லாச் செல்லிலும் கண்மூடித்தனமாகச் செய்கிறது. 1933ல் எடை குறைக்கும் மருந்தாக அமெரிக்காவில் பரவியது. எடை உண்மையாகவே குறைந்தது. கண்புரை வந்தது, உள்ளேயே வெந்து செத்தவர்களும் உண்டு. ஏனென்றால் ஏடிபி குறையக் குறைய சாம்பல் மணி அடிக்கும், செல் இன்னும் எரிக்கும், இன்னும் சூடு. 1938ல் தடுத்தார்கள். இன்றும் கள்ளத்தனமாக விற்கிறது, இன்றும் சாகிறார்கள். "மெட்டபாலிசத்தை முடுக்கும்" என்று எதையாவது விற்பவரிடம் எந்த இடத்தில் முடுக்கும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

14 ஜூன், காலை 8.10

முதலில் கேட்டவர் எண்களோடு திரும்பி வந்திருக்கிறார். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஒவ்வொரு முறையும் இரண்டு விரலில், ஐந்து நாள். இடையில் இரண்டு நாள் அலாரம் வைத்து அதிகாலை 3 மணிக்கும். 3 மணிக்கு 94, 96. காலை 6.30க்கு 109, 111, 108, 113, 110.

இப்போது மீட்டரைக் குறை சொல்ல முடியாது, ஒரே பக்கமாக ஐந்து தடவை தள்ளாடாது. 3 மணிக்குத் தாழ்ந்து போய் அதன் எதிர்வினையாக ஏறியதும் இல்லை. விடியற்காலையில் கல்லீரல் விடுகிறது, இன்சுலினின் பேச்சை அது முழுதாகக் கேட்கவில்லை. 100 முதல் 125 வரை என்பதை எல்லைக்கோட்டில் இருப்பதாகத்தான் பல மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். இங்கே என்னிடம் காட்டிப் பயன் இல்லை.

22 ஜூன், இரவு 9.35

முதலில் கேட்டவருக்கு ஹெச்பிஏ1சி 5.9 வந்ததாம். மருத்துவர் மருந்து தரவில்லை, சாப்பிட்டதும் நடக்கச் சொல்லியிருக்கிறார், "நடந்தால் என்ன ஆகும், 0.7 கிராம் எரியுமா?" என்று கிண்டலாகக் கேட்கிறார் இவர்.

எரிவது இருக்கட்டும். ஓய்வில் இருக்கும் தசை சர்க்கரையை உள்ளே விட இன்சுலின் வந்து கதவைத் தட்ட வேண்டும், அப்போதுதான் குளுட்-4 என்ற வாயில் செல்லின் மேற்பரப்புக்கு வரும். நடக்கிற தசை தட்டலுக்குக் காத்திருக்காது. சுருங்கும்போது வெளிவரும் கால்சியம், ஏறும் ஒற்றை, விழித்த ஏஎம்பிகே எல்லாம் சேர்ந்து அதே வாயிலை உள்ளிருந்தே திறந்துவிடும். இன்சுலினின் குரல் மங்கியவருக்கும் இந்த வழி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மேலிடத்து உத்தரவு தாமதமானால் செல் தானே எழுந்து போய்க் கதவைத் திறந்துகொள்கிறது என்று 5ம் தேதி சுற்றி வளைத்துச் சொன்னேனே, அதைத்தான் உங்கள் மருத்துவர் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் சாப்பிட்ட உடனே மாடிப்படியில் ஓடாதீர்கள். மூச்சு வாங்கினால் அட்ரினலின் வந்து என் 97 கதையாகிவிடும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

23 ஜூன், இரவு 10.20

நானும் இன்று செய்து பார்த்தேன். சாப்பிட்டு 40 நிமிடத்தில் 138, இருபது நிமிடம் நடந்ததும் 109. உட்கார்ந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்று அறிய நாளைக்கு அதே சாப்பாட்டை அதே நேரத்தில் சாப்பிட்டு உட்கார வேண்டும். டப்பாவில் இரண்டு ஸ்ட்ரிப்தான் மிச்சம், அம்மா எண்ணி வைத்திருக்கிறாள்.